ஒன்பதாம் எண் தூக்கு

2025 நவம்பர் மூன்றாம் தேதி, ஐப்பசி பதினேழு, திங்கட்கிழமை. காலை ஆறு மணி இருபது நிமிடம். தூறல். குடையை விரித்தால் எதற்கு என்று தோன்றும், மடக்கினால் சட்டை நனையும். திருக்காட்டுப்பள்ளியில் தஞ்சாவூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்துப் பட்டுக்கோட்டை போக வேண்டும். ஒரு தூக்கை வாங்கி வர வேண்டும். கைப்பிடி போட்ட எவர்சில்வர் தூக்கு, ஒரு லிட்டர் பிடிக்கும். என் மனைவியுடையது. மூன்று வருடமாக எங்கள் பழைய பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறது.

அது திரும்பி வராதது எனக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "பரண்ல கெடக்குற பாத்திரத்தையெல்லாம் எடைக்குப் போட்டுடுங்கப்பா. இனிமே யாரு பொழங்கப்போறா?" போடுவதற்கு முன் எண்ண வேண்டும் அல்லவா? இறக்கி எண்ணினேன். நாற்பது இருந்தது. நாற்பத்தொன்று இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் நான் எண் கீறியிருக்கிறேன். ஒன்பது இல்லை. மனைவி அன்றாடம் கையில் எடுத்தது ஒன்பதுதான். அது இல்லாமல் மற்ற நாற்பதையும் எடைக்குப் போடவும் மனம் வரவில்லை, திருப்பிப் பரணில் ஏற்றவும் மனம் வரவில்லை. பத்து நாள் கூடத்திலேயே பரப்பி வைத்துக்கொண்டு, அவற்றின் நடுவே கால் வைத்து நடந்தேன்.

மனைவியின் பழைய போனில் அந்தம்மாவின் எண் இருந்தது. கூப்பிட்டேன். தூக்கைக் கேட்டேன். "இருக்கு சார். நேர்ல வாங்க" என்றார். அவ்வளவுதான். அது எனக்கு விளங்கவில்லை. பதினொரு வருடப் பழக்கத்தில் அந்தம்மா எங்கள் பாத்திரம் எதையும் ஐந்து நாளுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை.

அந்தம்மா எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவர். என்னைவிட ஒன்பது வயது சிறியவர். கிட்டே வந்தால் பினாயிலும் அயோடினும் கலந்த வாசம் வரும். ஒரு பசு உதைத்ததில் இடது கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். வயிற்றைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், நடக்கச் சொல்லிப் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் யாரும் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. பலகாரம் வந்த கிண்ணத்தில் ஒரு கை சர்க்கரை, இல்லாவிட்டால் நாலு மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம் என்று எதையாவது போட்டுத்தான் தருவார்கள். அது பேருக்கு. அந்தம்மா பேருக்குப் போடுவதில்லை. யோசித்துப் போடுவார். போட்டதைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளில் மடித்து, கன்றுக்குக் கட்டுப் போடுவது போல நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. எந்தத் தேதியில் அது அவருக்குத் தோன்றியதோ அந்தத் தேதித் தாள். திங்கட்கிழமை கொடுத்த கிண்ணம் வியாழக்கிழமை வந்தால், தாள் புதன்கிழமையாக இருக்கும். "நேத்துதான் சார் தோணுச்சு" என்பார். எங்கள் ஊர் பேன்ஸி கடையில் பிறந்தநாள் பரிசுக்கு மினுக்குத் தாள் சுற்றித் தர இருபது ரூபாய் வாங்குகிறான். அந்தம்மாவின் தாளில் ராகுகாலமும் பல்லி விழும் பலனும்தான் இருக்கும். ஆனாலும் மனைவி அந்தத் தாள்களை எறியாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். பிறகு எண்ணிப் பார்த்தேன், நூற்று எண்பத்தாறு.

முதலில் நான் கவனித்தது கிராம்பு. ஒரு தீபாவளிக்கு நாலாம் நாள் மனைவி ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினாள். டப்பா திரும்பி வந்தபோது தாளுக்குள் ஏழு கிராம்பு. எனக்கு அப்போது கடைவாய்ப் பல்லில் வலி. மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குங்க சொல்றேன்? பல்லு என்ன, பேப்பர்ல போடுற விஷயமா?"

அதற்கடுத்த வருடம் எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். சொன்ன நான்காம் நாள் அதிரசம் போன பாத்திரத்தில் நெல்லிக்காய் வந்தது. பன்னிரண்டு. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால், 'தின்னுட்டு ஒடனே தண்ணி குடிங்க சார்' என்று எழுதியிருந்தது. குடித்தேன். வாயெல்லாம் இனித்தது. சர்க்கரை இல்லாமல் எனக்கு ஒருவர் இனிப்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இந்தம்மாவுக்கு எப்படித் தெரிகிறது?

மூன்றாவதாக நடந்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் ஒரு சண்டை. எதைப் பற்றி என்று நினைவில்லை, இரண்டு நாள் பேச்சில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு பாத்திரம் நிறைய உப்புமா பக்கத்து வீட்டுக்குப் போனது. திரும்பி வந்த பாத்திரத்தில் இரண்டு சுக்கு மிட்டாய், தனித்தனித் தாளில். ஒன்றில் 'சாருக்கு', ஒன்றில் 'அக்காவுக்கு'. நான் மிட்டாயைத் தின்னவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இரண்டு வரிசை உயர்த்தினேன். அறுபத்தெட்டு செங்கல்.

கலவை காய்வதற்குள் அந்தம்மா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: "என்ன சார், ஆத்துல வெள்ளம் வருதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்களா?"

பொதுப்பணித் துறையில் ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்துவைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, முப்பத்து நான்கு வருடம். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. "இல்லம்மா, பூனை தாண்டுது" என்றேன்.

"பூனையா? எந்தப் பூன சார், மீசை வச்சதா, கண்ணாடி போட்டதா?"

மனைவி அடுப்படியில் சிரித்தது எனக்குக் கேட்டது. மறுநாளிலிருந்து அவள் ஒரு கல்லை உருட்டிப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பாத்திரத்தை நீட்டினாள். நான் கல்லையும் அப்புறப்படுத்தவில்லை, சுவரையும் இறக்கவில்லை. சுவர் உயர்ந்த பிறகும் வந்தவையெல்லாம் பொருத்தமாகவே வந்தன.

அப்போதுதான் நோட்டுப் போட்டேன். பாத்திர எண், போன தேதி, வந்த தேதி, என்ன வந்தது. நாலு கட்டம். ஒருநாள் பிடித்துவிடலாம் என்று எண்ணம்.

எங்களுக்கு மட்டும் என்றில்லை. மருந்தகத்து டாக்டரின் மகள் கல்யாணத்தில் எல்லாரும் சுவர்க்கடிகாரமும் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். அந்தம்மா கொடுத்தது இருபது மீட்டர் நைலான் கொடியும் இரண்டு டஜன் கிளிப்பும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில். வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பின்னால் இருந்த ஒருவர், "மாட்டாஸ்பத்திரி புத்தி மாட்டாஸ்பத்திரி புத்திதான்யா, கல்யாணத்துக்குக் கயிறு கொண்டாந்திருக்கு" என்றார். நானும் சிரித்தேன். ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் ஊருக்கு வந்தபோது மனைவியிடம், "அஞ்சு கடிகாரத்துல நாலு பெட்டிக்குள்ள தூங்குது பெரியம்மா, அந்தக் கொடி ஒண்ணுதான் தெனம் என்கூட நிக்குது" என்றாளாம். மாடிவீட்டுக்குக் குடிபோகிறவள் என்று அந்தம்மா விசாரித்து வைத்திருக்கிறார். நான் கொடுத்தது கடிகாரம். அந்த நாலில் ஒன்றா, மாட்டியிருக்கும் ஐந்தாவதா என்று தெரியவில்லை. கேட்டுவரச் சொன்னேன், மனைவி கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு புரட்டாசி இருபத்தாறு, வியாழக்கிழமை, நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'எண் 9. போனது.' மற்ற இரண்டு கட்டமும் காலி. மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வர பதினெட்டு நிமிடம் ஆனது. அதற்கு மேல் நான் எதையும் எண்ணவில்லை, நோட்டையும் திறக்கவில்லை.

பதினாறு நாளும் அந்தம்மா எங்கள் வீட்டில் இருந்தார். வந்தவர்களுக்குக் காபி கலந்தார், பந்தல்காரனோடு சண்டை போட்டார். தூக்கைப் பற்றிப் பேசவில்லை. ஏழாம் மாதம் ஓய்வு பெற்று, பட்டுக்கோட்டையில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அடுப்படி வாசலில் நின்று பாத்திர அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றேன் சார்" என்று போய்விட்டார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாதவர் ஏன் அப்படி வந்தார் என்று அன்று நினைத்தேன், உடனே மறந்தும் போனேன்.

நானும் வெறுங்கையோடு போகக் கூடாது. தஞ்சாவூரில் பஸ் மாறும்போது பழக்கடை முன்னால் நின்றேன். அந்தம்மாவுக்கு என்ன பிடிக்கும்? பதினொரு வருடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆப்பிள் ஆறு வாங்கினேன். ஆறு என்றால் இரண்டு பேருக்கும் பங்கு வரும், மூன்று பேருக்கும் வரும்.

ஒரத்தநாடு வரைக்கும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், தண்ணீர். அதற்கப்புறம் தென்னை. பட்டுக்கோட்டையில் தூறல் மழையாகிவிட்டது, ஆட்டோ பிடித்தேன். வீட்டு முன்னால் தேங்காய் மட்டை மலைபோலக் குவிந்திருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தம்மா முன்வாசலில் நின்று என் காலைப் பார்த்தார்.

"வலது முட்டி போச்சா சார்?"

"ஆறு மாசமாச்சு."

"வாங்க, உக்காருங்க. சம்மணம் போடாதீங்க." பையை வாங்கிப் பார்த்தார். "ஆப்பிளா! எனக்கு மேல்வரிசை பல்லே இல்ல சார். சரி, துருவிக்கிறேன். ஆமா, ஏன் ஆறு?"

சொன்னேன். வெகுநேரம் சிரித்தார், எனக்கு ஏன் என்று புரியவில்லை.

"தூக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றது. உள்ளே போய்க் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பளபளவென்று துலக்கியிருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது. மூடியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

"திருப்பித் தராம வச்சிருந்தது தப்புதான் சார்" என்றார். "எதப் போட்டுத் தர்றதுன்னு தெரியல. பதினொரு தடவ ரொப்பினேன். காப்பித்தூள் போட்டேன், எடுத்துட்டேன். கல்கண்டு போட்டேன், உங்களுக்குச் சர்க்கரைன்னு எடுத்துட்டேன். எதுவும் சரியா வரல."

"மத்த நாளெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? அதச் சொல்லுங்க மொதல்ல. கிராம்பு, நெல்லிக்காய், சுக்கு மிட்டாய். சுவத்துக்கு அந்தப் பக்கம் காது வச்சிருந்தீங்களா?"

"ஐயய்யோ! இதுக்குத்தான் சுவரு எழுப்புனீங்களா?" தலையில் அடித்துக்கொண்டார். "மாடு வந்து, எனக்கு வயிறு மந்தமா இருக்குன்னு சொல்லுமா சார்? சாணி போட்டதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"எங்க வீட்டுச் சாப்பாட்டையா சொல்றீங்க?"

"அப்படிச் சொல்லல சார், நீங்க வேற! தீவாளிக்கு நாலாம் நாளு ஒரு டப்பா முறுக்கு முழுசா வருதுன்னா என்ன அர்த்தம்? வீட்ல முறுக்குத் திங்கிறவருக்குக் கடிக்க முடியல. அதிரசம் மொத்தமும் வந்தா, திங்கக் கூடாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அக்கா உப்புமா கிண்டுறதே உங்க மேல கோவம் வந்தாத்தான். அதையும் நீங்க தொடாம வச்சா எனக்கு வந்துரும். நீங்க எத ஒதுக்குறீங்களோ அதுதான் சார் எங்க வீட்டுக்கு வரும். அதப் பாத்தாப் போதாதா?"

 என் நோட்டில் என்ன வந்தது என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போனது என்று கட்டமே இல்லை.

"அன்னிக்கு இதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? வத்தக்குழம்பு."

வத்தக்குழம்பு என்றால் எனக்கு உயிர். சுண்டைக்காய் வத்தல் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்க அவள் வைப்பது. அதை நான் ஒதுக்கியதே கிடையாது.

"அதான் சார் எனக்கும் கொழப்பம். சாருக்கு உசிரு இது, வாய் வரைக்கும் ரொம்பி வந்திருக்கு, ஒரு கரண்டி எடுத்த மாதிரிகூட இல்ல. என்னக்கா, சார் ஊர்ல இல்லியான்னு கேட்டேன். கல்லு மேல நின்னுக்கிட்டு, 'இந்த மாசத்துக்கு அவரு கணக்கு முடிஞ்சுபோச்சாம்'னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மறுநா கேட்டுக்கலாம்னு விட்டேன். மறுநா..."

 எனக்கு விளங்கிவிட்டது. 

அன்று காலை எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் புளி கொதிக்கும் வாசனை. புரட்டாசி, வீட்டில் கவிச்சி கிடையாது, அதனால் வத்தக்குழம்பு அடிக்கடி வந்தது. நான் சொன்னேன்: "இந்த மாசத்துல இது எட்டாவது வத்தக்குழம்பு." அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை இல்லை. மத்தியானம் ரசமும் பருப்புத் துவையலும் போட்டாள். சாப்பிட்டேன். வாசனை வந்த குழம்பு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? அன்று ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு வரை எல்லாவற்றையும் அந்தம்மாவிடம் சொன்னேன். "கொறையாச் சொல்லல. எட்டு வந்துச்சேன்னு சொன்னேன். எனக்குப் புடிச்சத நான் எண்ணுவேன்."

"அது அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியுமா? நாற்பத்தோரு வருடம் கூட இருந்தவள். தெரிந்திருக்கும். தெரியாமலும் இருந்திருக்கும். "கணக்கு முடிஞ்சுபோச்சுன்னு சொன்னப்ப அவ கோவமா இருந்தாளா, சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க சார்."

"எப்படிச் சிரிச்சா?"

"சிரிப்புதான் சார். சிரிப்புல எத்தன ரகம்னு எனக்கு எண்ணத் தெரியாது."

பிறகு அந்தம்மா என் வயிற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, "சாப்புட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் மட்டைக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரத்தில் புளி கொதிக்கும் வாசனை வந்தது. வெந்தயம் பொரியும் வாசனை. வத்தல் எண்ணெயில் விழும் சத்தம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன்.

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு இலை போட்டார். சோறு. ரசம். பருப்புத் துவையல். அப்பளம்.

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அவர் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினார். வாசனை வந்த குழம்பு எங்கே என்று இப்போதும் நான் கேட்கவில்லை. மறந்து அல்ல. அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் போட்டேன்.

கிளம்பும்போது தூக்கைக் கையில் கொடுத்தார். கனத்தது, சூடாக இருந்தது. மூடிமேல் ஒரு தேதித் தாளைப் போர்த்தி நூலால் கட்டியிருந்தார். தாள் மஞ்சளாகிவிட்டது. புரட்டாசி 26, வியாழன்.

"அன்னிக்கே கிழிச்சு வச்சுட்டேன் சார். உள்ள போடத்தான் ஒண்ணும் அமையல." பிறகு, என் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்து, "இது எட்டாவது. சரியாப் போச்சா?" என்றார்.

எதற்குச் சரியாகப் போனது? மனைவி கொடுக்காத குழம்பை இவர் கொடுத்தாரா, அல்லது அன்று அவள் எனக்குச் செய்ததை இன்று இவரும் செய்து காட்டினாரா? இது எனக்குத் தந்த பரிசா, அவளுக்குத் தர வேண்டியிருந்ததா? அந்தம்மாவிடம் கேட்டேன். "மாட்டுக்கு மருந்து குடுத்தா அது ஏன்னா கேக்குது? ஊருக்குப் போயி சோத்துல ஊத்திச் சாப்புடுங்க. முட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடுங்க" என்றார்.

பஸ்ஸில் தூக்கை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒரத்தநாட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சினார். "வத்தக்குழம்புங்களா? வீட்ல வச்சதா?"

"ஆமா" என்றேன்.

"குடுத்து வச்சவரு."

இரவு ஏழே காலுக்கு வீடு வந்தேன். கூடத்தில் நாற்பது பாத்திரம் பரப்பியபடியே இருந்தது. நடுவில் ஓரிடத்தைச் சரிசெய்து ஒன்பதை வைத்தேன். மகளுக்குப் போன் செய்து, எடைக்குப் போடப் போவதில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். புழங்குகிறேன் என்றேன். சோறு வைத்துக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். மனைவி வைப்பதைவிடப் புளி கொஞ்சம் தூக்கல். வத்தல் எத்தனை என்று பார்க்கவில்லை.

பஸ், போக வர நூற்று இருபத்தாறு. ஆப்பிள் நூற்று எண்பது. ஆட்டோ எழுபது. தஞ்சாவூரில் டீ பன்னிரண்டு. எட்டாவது வத்தக்குழம்புக்கு எனக்கு ஆன செலவு முந்நூற்று எண்பத்தெட்டு ரூபாய்.